கோணல் மாளிகையின் கதை!



நோட்டில் ஒரு வீடு வரையச் சொன்னால் முதலில் என்ன செய்வீர்கள்? அளவுகோலை எடுத்து நேராகக் கோடு போடுவீர்கள். சுவர் நேராக இருக்க வேண்டும். ஜன்னல் சதுரமாக இருக்க வேண்டும். கூரை ஒரு பக்கமாகச் சாயக் கூடாது. அப்படித்தானே?

ஆனால், இங்கிலாந்து நாட்டில் ஒரு மாளிகை இருக்கிறது. அதை வரைய அளவுகோலே வேண்டாம்! தரை மேடும் பள்ளமுமாக இருக்கும். சுவர்கள் வளைந்திருக்கும். மாடி வெளியே துருத்திக்கொண்டு, 'இதோ விழப் போகிறேன்' என்பது போல நிற்கும். ஆனாலும் 500 ஆண்டுகளுக்கும் மேலாக அது விழவில்லை. அதன் பெயர் 'லிட்டில் மோர்ட்டன் ஹால்'. செஷயர் என்ற மாவட்டத்தில், காங்கிள்டன் நகரிலிருந்து சுமார் 7 கி.மீ. தொலைவில் உள்ளது.

இவ்வளவு கோணலான மாளிகை எப்படி நிற்கிறது? அதைக் கட்டியவர்கள் யார்? அதைக் காப்பாற்றியவர்கள் யார்? வாருங்கள், உள்ளே போய்ப் பார்க்கலாம்.

மேனர் ஹவுஸ் என்றால் என்ன?

அந்தக் காலத்து இங்கிலாந்தில், வயல், காடு, மேய்ச்சல் நிலம், மாவு மில் எல்லாம் சேர்ந்த பெரிய பண்ணையை 'மேனர்' என்பார்கள். அதற்குச் சொந்தக்காரர் குடியிருக்கும் வீடுதான் 'மேனர் ஹவுஸ்'. நாம் பண்ணை மாளிகை என்று சொல்லலாம். அது வெறும் வீடு மட்டும் அல்ல. குத்தகைப் பணம் கட்டுவது, வழக்குப் பேசித் தீர்ப்பது, விருந்து வைப்பது என்று ஊர்க் காரியங்கள் பலவும் இத்தகைய மாளிகைகளில்தான் நடந்தன.

லிட்டில் மோர்ட்டன் ஹால், மோர்ட்டன் குடும்பத்தாரின் மாளிகை. வில்லியம் மோர்ட்டன் என்ற நிலச்சுவான்தார், 1504 - 1508 வாக்கில் இதன் முதல் பகுதியைக் கட்டினார். பிறகு மகன், பேரன் என்று ஒவ்வொரு தலைமுறையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக் கட்டியது. 1610 வரை, அதாவது சுமார் 100 ஆண்டுகள், வேலை நடந்துகொண்டே இருந்தது! ஒரே ஆள், ஒரே வரைபடத்தில் கட்டாததால்தான் மாளிகையின் எந்தப் பக்கமும் இன்னொரு பக்கத்தைப் போல இருக்காது.

16-ம் நூற்றாண்டின் நடுவில், இந்தப் பண்ணையின் பரப்பு 1,360 ஏக்கர். மாவு மில், பழத்தோட்டங்கள், இரும்பு உருக்கும் பட்டறை எல்லாம் இதில் இருந்தன.

அகழிக்கு நடுவே ஒரு தீவு

மாளிகையைச் சுற்றிலும் தண்ணீர் நிறைந்த அகழி. அதன் அகலம் சுமார் 10 மீட்டர். இந்த அகழி, மாளிகையைவிடப் பழையது. 13 அல்லது 14-ம் நூற்றாண்டில், இதே இடத்தில் முன்பு இருந்த ஒரு வீட்டுக்காக வெட்டப்பட்டிருக்கலாம் என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள்.

கல் பாலத்தைக் கடந்து போனால், மூன்று அடுக்கு கொண்ட நுழைவாயில் கட்டடம். அதற்குள் நுழைந்தால், சிறு கற்கள் பதித்த முற்றம். முற்றத்தின் மூன்று பக்கமும் கட்டடங்கள். நிமிர்ந்து பார்த்தால் எங்கும் கறுப்பு, வெள்ளை! கட்டம், சாய்சதுரம், நான்கிதழ்ப் பூ, மீன் முள் போன்ற சாய்கோடுகள் என்று சுவர் முழுக்கக் கோலம் போட்டது போல இருக்கும்.

கறுப்பாகத் தெரிவது மரம். வெள்ளையாகத் தெரிவது பூச்சு. ஆனால், இங்கிலாந்தின் பழைய மர வீடுகளில் மரத்துக்குக் கறுப்பு வர்ணம் அடிக்கும் பழக்கம் பரவியது பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்பு, ஓக் மரத்தை அப்படியே விட்டுவிடுவார்கள். வெயிலும் மழையும் பட்டுப்பட்டு அது வெள்ளி போல் சாம்பல் நிறமாக மாறிவிடும்.

மரத்தால் ஓர் எலும்புக்கூடு

நம் உடம்பைத் தாங்குவது எது? எலும்புக்கூடு. அதேபோல இந்த மாளிகையின் பாரத்தைத் தாங்குவது சுவர் அல்ல. ஓக் மரச் சட்டங்கள். நின்ற வாக்கில் தூண்கள், படுத்த வாக்கில் உத்திரங்கள், குறுக்காகச் சாய்ந்த கட்டைகள். இவை சேர்ந்ததுதான் மாளிகையின் எலும்புக்கூடு. புகைபோக்கிகளும், பின்னாளில் முட்டுக் கொடுத்துக் கட்டிய சில பகுதிகளும் மட்டுமே செங்கல்.

சாய்ந்த கட்டைகள் எதற்கு? அழகுக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள்.

நான்கு ஐஸ்குச்சிகளைச் சதுரமாக வைத்து, மூலைகளை நூலால் கட்டுங்கள். ஒரு மூலையை விரலால் தள்ளுங்கள். சதுரம் சாய்ந்து, நசுங்கிப்போகும். இப்போது ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு இன்னொரு குச்சியைச் சாய்வாக வைத்துக் கட்டுங்கள். மறுபடியும் தள்ளிப் பாருங்கள். அசைகிறதா? அவ்வளவு எளிதில் அசையாது. காரணம், சதுரம் இப்போது இரண்டு முக்கோணமாகிவிட்டது. பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணத்தின் வடிவம் மாறாது. 500 ஆண்டுகளுக்கு முன்பே தச்சர்கள் இதைக் கைப்பழக்கத்தில் தெரிந்து வைத்திருந்தார்கள்.

சரி, கட்டைகளை எப்படி இணைத்தார்கள்? ஒரு கட்டையின் நுனியை நாக்கு போலச் செதுக்குவார்கள். இன்னொரு கட்டையில் அதற்குப் பொருத்தமாகத் துளை போடுவார்கள். நாக்கைத் துளைக்குள் செருகி, குறுக்கே துளையிட்டு மர முளையை அடித்து இறுக்குவார்கள்.

இப்படிப்பட்ட வீடுகளைக் கட்டும் தச்சர்கள், முதலில் சட்டங்களைத் தரையில் பரப்பி, பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். எந்தக் கட்டை எதோடு சேரும் என்பது மறந்துபோகாமல் இருக்க, ஒவ்வொரு இணைப்பிலும் உளியால் எண் குறித்துக்கொள்வார்கள். பிறகு பிரித்து எடுத்து, உரிய இடத்தில் தூக்கி நிறுத்துவார்கள். நீங்கள் விளையாடும் கட்டட விளையாட்டுச் செட்டைப் போலத்தான்!

இன்னொரு சேதி. காய்ந்த ஓக் மரம் இரும்பு போலக் கடினமாகிவிடும். உளி எளிதில் இறங்காது. அதனால் ஈரம் காயாத பச்சை மரத்தையே செதுக்கி நிறுத்துவார்கள். வீடு கட்டி முடித்த பிறகு மரம் மெதுவாகக் காயும். காயும்போது சுருங்கும், கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். பழைய மர வீடுகள் சற்றே கோணலாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

குச்சியும் மண்ணும்

எலும்புக்கூடு ஆயிற்று. சதை வேண்டாமா? சட்டங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் மெல்லிய குச்சிகளைக் கூடை முடைவது போலப் பின்னுவார்கள். அதன்மேல் களிமண், வைக்கோல், சாணம் எல்லாம் கலந்து குழைத்துப் பூசுவார்கள். வைக்கோல் எதற்கு? மண் காயும்போது வெடிக்காமல் பிடித்துக்கொள்வதற்கு. கடைசியில் சுண்ணாம்பு. இதுதான் அந்த நாட்டின் மர வீடுகளில் வழக்கமான சுவர். பாரம் தாங்கும் வேலை மரத்துக்கு. காற்றையும் குளிரையும் தடுக்கும் வேலை மண்ணுக்கு.

மாடி ஏன் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது?

இந்த மாளிகையில் கீழ்த்தளத்தைவிட மேல்தளம் வெளியே நீண்டிருக்கும். அந்தக் காலத்து மர வீடுகள் பலவற்றில் இந்த அமைப்பு உண்டு. தரையில் தாங்கும் உத்திரங்களைச் சுவரோடு நிறுத்தாமல், இன்னும் கொஞ்சம் வெளியே நீட்டி, அதன் முனையில் மேல்சுவரை எழுப்புவார்கள். இதனால் மாடி அறைகளுக்குக் கூடுதல் இடம் கிடைக்கும். மழைத் தண்ணீர் கீழ்ச்சுவரில் வழியாமல் தள்ளி விழும். மண் சுவருக்கு மழைதானே முதல் எதிரி!

30,000 கண்ணாடித் துண்டுகள்

இன்று ஜன்னலுக்கு ஒரே பெரிய கண்ணாடியை மாட்டிவிடுகிறோம். அன்று அது முடியாது. கண்ணாடியை வாயால் ஊதித்தான் செய்தார்கள். அதிலிருந்து சின்னச் சின்னத் துண்டுகளைத்தான் வெட்டியெடுக்க முடிந்தது. அந்தத் துண்டுகளை ஈயப் பட்டைகளால் இணைத்து ஜன்னல் செய்தார்கள். லிட்டில் மோர்ட்டன் ஹாலின் ஜன்னல்களில் மொத்தம் சுமார் 30,000 துண்டுகள் இருக்கின்றன! சதுரம், செவ்வகம், சாய்சதுரம், வட்டம், முக்கோணம் என்று எல்லா வடிவங்களும் உண்டு. பல துண்டுகள் 16-ம் நூற்றாண்டில் பதித்தவை. பழைய கண்ணாடி என்பதால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு சாயலில் மின்னும்.

கண்ணாடி மிக விலை உயர்ந்த பொருளாக இருந்த காலம் அது. பெரிய ஜன்னல் வைத்தால், 'இவர் பணக்காரர்' என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

முற்றத்தைப் பார்த்தபடி, வெளியே புடைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு பெரிய ஜன்னல்கள் உள்ளன. அவற்றின் மரத்தில் எழுத்துகளைச் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்றில், இதைச் செய்வித்தவர் வில்லியம் மோர்ட்டன் என்றும், ஆண்டு 'எம் டி எல் ஐ எக்ஸ்' என்றும் ரோமன் எண்ணில் உள்ளது. கணக்குப் போடுங்கள் பார்க்கலாம். எம் என்றால் 1000, டி என்றால் 500, எல் என்றால் 50, ஐ எக்ஸ் என்றால் 9. கூட்டினால் 1559. முதலாம் எலிசபெத் இங்கிலாந்தின் ராணியான அடுத்த ஆண்டு!

இன்னொரு ஜன்னலில் இருக்கும் பெயர் யாருடையது தெரியுமா? ரிச்சர்ட் டேல் என்ற தச்சருடையது! கடவுள் அருளால் இந்த ஜன்னல்களைச் செய்தது தான்தான் என்று பொறித்து வைத்திருக்கிறார். அதில் 'தச்சர்' என்பதற்கான ஆங்கிலச் சொல்கூட இன்றைய எழுத்துக்கூட்டலில் இல்லை. அதனால் என்ன? உளி பிடித்த கை அது. பணம் கொடுத்தவரின் பெயர் நிலைப்பது பெரிய விஷயம் அல்ல. உழைத்தவரின் பெயர் 450 ஆண்டுகளைத் தாண்டி நிற்பதுதான் அபூர்வம்.

கூடமும் கழிப்பறையும்

மாளிகையின் இதயம், 'கிரேட் ஹால்' எனப்படும் பெருங்கூடம். முதலில் கட்டப்பட்ட பகுதிகளில் ஒன்று இது. அக்காலத்து மாளிகைகளில் முதலாளி, உறவினர், வேலையாட்கள், விருந்தினர் எல்லாரும் கூடிச் சாப்பிட்ட இடம் இத்தகைய கூடம்தான்.

இன்று மாளிகைக்குள் போனால் மேஜை, நாற்காலி அதிகம் இருக்காது. அந்தக் காலத்துச் சாமான்களில் மூன்றே மூன்றுதான் மிச்சம். ஒரு நீளமான சாப்பாட்டு மேஜை, ஒரு பெரிய வட்ட மேஜை, ஓர் அலமாரி. மற்றவை எல்லாம் கைமாறிப் போய்விட்டன.

பக்கத்து அறை ஒன்றில் 1976-ல் ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. சுவரை மூடியிருந்த மரப் பலகைகளுக்குப் பின்னால் 16-ம் நூற்றாண்டு ஓவியங்கள் ஒளிந்திருந்தன! பொய்க் குற்றம் சாட்டப்பட்டு, பிறகு உண்மை வெளிப்பட்டு விடுதலையான சூசன்னா என்ற பெண்ணின் பழைய கதையை அதில் காட்சிகளாக வரைந்திருக்கிறார்கள்.

கழிப்பறை எங்கே என்று கேட்பீர்களே! அதுவும் உண்டு. உட்காரும் இடத்துக்குக் கீழே நேராக ஒரு வழி. எல்லாம் தொப்பென்று அகழியில் போய் விழும். அகழியின் தண்ணீர் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மூக்கைப் பிடித்துக்கொள்கிறீர்களா? சரி, மாடிக்குப் போய்விடுவோம்.

தலைக்கு மேல் பாரம்

இனிமேல்தான் கதையின் முக்கியமான கட்டம்.

1560-களின் தொடக்கத்தில் தெற்குப் பக்கக் கட்டடத்தை எழுப்பினார்கள். அப்போது இங்கிலாந்தின் பணக்காரர்களிடம் ஒரு புது மோகம் இருந்தது. மாளிகையின் உச்சியில் நீளமான கூடம் ஒன்று வேண்டும். மழை நாட்களில் அங்கே நடை பழகலாம், விளையாடலாம். மோர்ட்டன் குடும்பத்துக்கும் அந்த ஆசை வந்தது. கீழே வேலை தொடங்கிய பிறகுதான் இந்த யோசனை எழுந்திருக்க வேண்டும் என்று கட்டடக்கலை அறிஞர்கள் கருதுகிறார்கள். அதாவது, கீழே உள்ள தூண்களும் உத்திரங்களும் இப்படி ஒரு பாரம் வரும் என்று எதிர்பார்த்து வைக்கப்பட்டவை அல்ல!

அப்படியும் கட்டிவிட்டார்கள். மூன்றாவது அடுக்கில், சுமார் 21 மீட்டர் நீளத்துக்கு ஒரு நெடுங்கூடம். வரிசையாக ஜன்னல்கள். கூரைக்கு ஓடு அல்ல, கனமான கல் பலகைகள்!

பிறகு என்ன ஆயிற்று? இதற்கும் ஒரு சோதனை உண்டு. இரண்டு புத்தக அடுக்குகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் அளவுகோலைப் பாலம் போல வையுங்கள். அதன் நடுவில் ஒவ்வொரு நாணயமாக அடுக்குங்கள். அளவுகோல் மெல்ல வளையும். மாளிகைக்கும் அதுதான் நடந்தது. கல் கூரையின் பாரத்தால் கீழ்த்தளங்கள் வளைந்தன. தரை அலை போல ஏறி இறங்கியது. சுவர்கள் சாய்ந்தன.

அப்படியானால் ஏன் விழவில்லை? மரம் சட்டென்று உடையாமல் வளைந்து கொடுக்கும். நாக்கும் துளையுமாக இணைந்த கட்டைகள், ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும். நெடுங்கூடத்தின் கூரையைத் தாங்கும் வளைவுகள் பக்கவாட்டில் விரிந்துவிடாமல் இருக்கக் குறுக்குக் கட்டைகளும் போட்டிருக்கிறார்கள். உறுதி என்பது விறைப்பாக நிற்பது மட்டும் அல்ல என்று இந்த மாளிகை நமக்குச் சொல்கிறது.

இந்தக் கூடத்தில் குழந்தைகள் நன்றாக விளையாடியிருப்பார்கள் போலிருக்கிறது! மரப் பலகைகளுக்குப் பின்னாலிருந்து 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த டென்னிஸ் பந்துகள் கிடைத்திருக்கின்றன. அடித்த பந்து பலகைக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால் என்ன வருத்தம் வரும் என்பது உங்களுக்குத் தெரியாதா என்ன?

கைவிடப்பட்ட மாளிகை

1642-ல் இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டது. மன்னர் ஒரு பக்கம், நாடாளுமன்றம் மறுபக்கம். மோர்ட்டன் குடும்பம் மன்னர் பக்கம். சுற்றியிருந்தவர்களோ நாடாளுமன்றத்தின் பக்கம். 1643-ல் மாளிகை பறிமுதல் செய்யப்பட்டது. போர் வீரர்கள் அங்கே தங்க வைக்கப்பட்டார்கள். பிறகு மனுப் போட்டு மாளிகையைத் திரும்பப் பெற்றார்கள். ஆனால், கையில் பணம் இல்லை, கடன்தான் இருந்தது.

அந்த நூற்றாண்டு முடிவதற்குள் குடும்பத்தார் வேறு இடத்துக்குப் போய்விட்டார்கள். மாளிகை விவசாயிகளுக்கு வாடகைக்கு விடப்பட்டது. 1847 வாக்கில் நிலைமை மிக மோசம். பெரும்பாலான அறைகளில் ஆள் இல்லை. ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்திருந்தார்கள். கூரை மரம் இற்றுப்போயிருந்தது. வழிபாடு நடந்த அறையில் நிலக்கரியைக் கொட்டி வைத்திருந்தார்கள்!

பணம் இல்லாததிலும் ஒரு நன்மை இருந்தது. பணம் இருந்திருந்தால், பல பணக்காரர்கள் செய்தது போல, பழையதை இடித்துவிட்டுப் புது மோஸ்தரில் மாளிகை கட்டியிருப்பார்கள். ஏழ்மைதான் பழமையைக் காப்பாற்றியது. ஆனால், இன்னும் சில காலம் அப்படியே விட்டிருந்தால் எல்லாம் மண்ணோடு மண்ணாகியிருக்கும்.

1892-ல் இந்த மாளிகை எலிசபெத் மோர்ட்டன் என்பவருக்கு வந்து சேர்ந்தது. அவர் ஒரு கிறிஸ்தவக் கன்னியாஸ்திரி. வழிபாட்டு அறையைச் சுத்தம் செய்து சீரமைத்தார். நெடுங்கூடம் சரிந்துவிடாமல் இரும்புக் கம்பிகள் பொருத்தச் செய்தவரும் அவராக இருக்கலாம் என்கிறார்கள். 1912-ல், இதை எந்தக் காலத்திலும் விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு உறவினர் ஒருவருக்கு எழுதி வைத்தார்.

அந்த உறவினர், பாதிரியார் சார்லஸ் ஆபிரகாம். அவர் மாளிகையைப் பொதுமக்கள் பார்ப்பதற்குத் திறந்துவிட்டார். 1938-ல், பழமையான இடங்களைக் காப்பதற்காக 1895-ல் தொடங்கப்பட்ட 'நேஷனல் டிரஸ்ட்' என்ற அமைப்பிடம் ஒப்படைத்தார். சுமார் 450 ஆண்டுகள் ஒரே குடும்பத்தின் கையில் இருந்த இடம், எல்லாருக்கும் சொந்தமானது.

1977-ல் கூரையின் கல் பலகைகள் பிடிப்பு இழந்திருப்பது தெரிந்தது. உடனே ஆறு கட்டமாகப் பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்கினார்கள். புதிதாகப் பொருத்திய மரங்களுக்கு வர்ணம் பூசாமல் இயற்கை நிறத்திலேயே விட்டார்கள். கோணலை நிமிர்த்தி மாளிகையைப் புதிதாக்கவில்லை. மேலும் சாயாமல் தாங்கிப் பிடித்தார்கள். கோணலும் அதன் வரலாறுதானே!

அதிர்ஷ்டமா, அறிவா?

நெடுங்கூடத்தின் இரண்டு முனைகளிலும் சுண்ணாம்புச் சாந்தில் செய்த இரண்டு உருவங்கள் இருக்கின்றன. ஒன்று அதிர்ஷ்டம், மற்றொன்று விதி. அதிர்ஷ்டத்தின் சக்கரத்தை ஆள்வது அறியாமை என்றும், விதியை ஆள்வது அறிவு என்றும் பொருள்படும் வாசகங்கள் அங்கே உள்ளன. 1556-ல் வெளிவந்த ஒரு வானியல் நூலைப் பார்த்து இந்த உருவங்களை அமைத்தார்கள். அந்த நூலை எழுதியவர் ராபர்ட் ரெக்கார்ட். அவரை உங்களுக்கும் தெரியும்! 1557-ல், கணக்கில் நாம் போடும் சமக்குறியை முதன்முதலில் அச்சில் பயன்படுத்தியவர் அவர்தான்.

குழந்தைகளே! கோணல் மாளிகை நிற்பதைப் பார்ப்பவர்கள், 'அதிர்ஷ்டம்தான்!' என்பார்கள். நீங்கள் அப்படிச் சொல்ல மாட்டீர்கள். சாய்ந்த கட்டையின் முக்கோணம், நாக்கும் துளையுமான இணைப்பு, பெயர் தெரிந்த ஒரு தச்சர், பெயர் தெரியாத பல தச்சர்கள், விற்கக் கூடாது என்று எழுதி வைத்த ஒரு பெண்மணி, கூரையைப் பழுது பார்த்தவர்கள் - இத்தனை பேருடைய அறிவும் அக்கறையும் சேர்ந்துதான் அதைத் தாங்குகின்றன.

இனி எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும், 'எவ்வளவு பெரிசு!' என்பதோடு நின்றுவிடாதீர்கள். இதன் பாரத்தை எது தாங்குகிறது என்று தேடிப் பாருங்கள். உங்கள் வகுப்பறைக் கூரையிலிருந்தே தொடங்கலாம். முக்கோணம் எங்கேயாவது தென்படுகிறதா என்று நாளைக்கே பார்த்து, நண்பர்களிடம் சொல்லுங்கள்!